மாயவரத்தில் மிஸ் மார்ப்பிள்

சிப்பிங் க்ளெகார்ன் கிராமத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பேப்பர் போடும் பையன் சைக்கிளில் வீடு வீடாகப் போகிறான். அவரவர் குணத்துக்கும் அரசியலுக்கும் தக்கபடி வீட்டுக்கு ஒரு நாளிதழ். வெள்ளிக்கிழமையன்று மட்டும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உள்ளூர் கெஜட்டும் விழும். உலகச் செய்திகளைத் தள்ளிவைத்துவிட்டு ஊர்க்காரர்கள் முதலில் பிரிப்பது அதைத்தான். நாய்க்குட்டி விற்பனை, கோழி விற்பனை, வீட்டு வேலைக்கு ஆள் தேவை என்ற வரிவிளம்பரங்களுக்கு நடுவே அன்றைக்கு ஓர் அறிவிப்பு இருக்கிறது: அக்டோபர் 29, மாலை ஆறரை மணிக்கு லிட்டில் பேடக்ஸ் என்ற வீட்டில் ஒரு கொலை நடக்கப்போகிறது, நண்பர்கள் வரலாம்.

மாலையில் அக்கம்பக்கம் முழுக்க அந்த வீட்டுக்கு வந்துவிடுகிறது. அறிவிப்பைப் பார்த்து வந்தோம் என்று வாய்விட்டுச் சொல்ல எல்லாருக்கும் கூச்சம். ஆளுக்கொரு சாக்குடன் நுழைகிறார்கள். நுழைந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொல்வது என்ன தெரியுமா? ‘அடடே, சென்ட்ரல் ஹீட்டிங் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறதே!’ போர் முடிந்தும் எரிபொருள் தட்டுப்பாடு தீராத காலம். அடுத்த வீட்டில் எப்போது அனல் மூட்டினார்கள் என்பது அந்த ஊரில் பேசத் தகுந்த செய்தி.

அகதா கிறிஸ்டியின் ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்’ இப்படித்தான் தொடங்குகிறது. 1950இல் வந்தது, அவருடைய ஐம்பதாவது புத்தகம் என்று சொல்லி விற்றார்கள். ஆறரை மணிக்கு விளக்கு அணைகிறது. அதற்குப் பிறகு நடப்பதை நான் சொல்லமாட்டேன். இந்தக் கதைகளை நேசிக்கிறவர்களிடையே அது எழுதாத சட்டம். நான் பேச விரும்புவது விளக்கு அணைவதற்கு முந்தைய பக்கங்களைப் பற்றி. இந்தப் புத்தகங்களை மறுபடி மறுபடி எடுக்கும்போதெல்லாம் நான் போய் நிற்பது அந்தப் பக்கங்களில்தான். கொலையாளி யார் என்பது எப்போதோ தெரிந்துவிட்டது. பன்றியும் கோழியும் வளர்க்கும் இரண்டு தோழிகள், இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய கர்னல், பாதிரியாரின் கலகலப்பான மனைவி, வெண்ணெய் கொடுத்து வேறொன்று வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று, கதவைத் தட்டாமல் பின்கட்டு வழியாக நுழைகிறவர்கள் என்று இவை எல்லாம் இருக்கும் தெருவில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரத்தான் போகிறேன்.

ஆங்கிலப் புத்தகக் கடைகளில் இவற்றுக்குக் கோஸி மிஸ்டரி என்று தனி அலமாரி இருக்கிறது. ரத்தம் தரையில் வழிந்து ஓடாது. பிணத்தை வர்ணிக்கமாட்டார்கள். துப்பறிகிறவர் பெரும்பாலும் போலீஸ்காரர் இல்லை. பாட்டி, பேக்கரி வைத்திருக்கும் பெண், நூலகர் என்று ஊரில் நாலு பேரோடு பேசிப் பழகியவர். ஊர் சின்னது. கடைசியில் உண்மை வெளிவந்துவிடும். இவ்வளவுதான் இலக்கணம். பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு இவை பொழுதுபோக்குக்கு மேலானவை, ஏனென்றால் இவற்றை நான் தனியாகப் படித்து வளரவில்லை.

மாயவரத்தில் பள்ளிக்கூடம் படித்த நாட்களில் கடைத்தெருவில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. ஒரு பக்கம் தமிழ் மாத நாவல்களும் வார இதழ்த் தொடர்களை வெட்டித் தைத்த பைண்டு வால்யூம்களும். எதிர்ப்பக்கம் ஆங்கிலம். அங்கே அகதா கிறிஸ்டிக்கு ஒரு தட்டு முழுவதும் உண்டு. ஃபான்டானா பதிப்புகள், டாம் ஆடம்ஸ் வரைந்த அட்டைகள். ஒரு மண்டை ஓடு, ஒரு பூ, ஒரு பூச்சி, ஒரு மூக்குக்கண்ணாடி என்று சம்பந்தமில்லாத பொருள்களை நிஜம் போலத் தீட்டி ஒரே அட்டையில் வைத்திருப்பார். கதையைப் படித்து முடித்தபிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் சம்பந்தம் இருக்கும். விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. புத்தகத்தின் முதுகில் பழுப்புக் காகிதம் ஒட்டி, மையினால் எண் எழுதியிருப்பார்கள்.

அந்தப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அத்தைக்குக் கதை சொல்லியாக வேண்டும். அப்பாவின் மூத்த அக்கா. இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு இருந்தாள். தமிழில் எது கிடைத்தாலும் படிப்பாள், மளிகைப் பொட்டலத்தாள் உள்பட. ஆங்கிலம் தெரியாது. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திண்ணையில் மொச்சையோ கீரையோ எடுத்துக்கொண்டு உட்காருவாள். “உங்க கிழவி என்ன பண்றா?” என்பாள். கிழவி என்றால் கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள். நான் அன்றைக்குப் படித்த வரைக்கும் சொல்வேன். படித்ததற்கு மேல் ஒரு வரி சொல்ல முடியாது என்பதால் என் வாசிப்பின் வேகத்தை அவளுடைய சாயங்காலங்கள்தான் தீர்மானித்தன.

அத்தை கதை கேட்கிற விதம் எனக்கு இன்றுவரை வேறெங்கும் கிடைக்காத ஒன்று. துப்பாக்கி எங்கே இருந்தது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்ற கணக்குகளில் அவளுக்கு ஆர்வமில்லை. அவள் கேட்ட கேள்விகள் வேறு. “அந்த வீட்டுக்குக் கடைசியா வந்து சேர்ந்தது யாரு?” “சமையக்காரிக்குச் சம்பளம் ஒழுங்காக் குடுக்கறாளா?” “அந்தத் தோழிக்கு வேற போக்கிடம் உண்டா, இல்லே இவ நிழல்லதான் காலந்தள்றாளா?” பிறகு யோசித்துவிட்டு, “இது நம்ம கோடி வீட்டு மாமா மாதிரி ஆளுடா. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவார், ஒரு நாளும் கைக்காசை எடுக்கமாட்டார். இவனையும் நம்பாதே” என்பாள்.

மிஸ் மார்ப்பிள் வேலை செய்வதும் இப்படித்தான். ஒரு கோடீஸ்வரரின் கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் சம்பந்தமே இல்லாமல் தன் ஊர் மீன்காரரின் பையனையோ, பழைய வேலைக்காரப் பெண்ணையோ, சர்ச் கணக்கில் சில்லறை குறைந்த ஒரு சம்பவத்தையோ நினைவுகூர்வார். போலீஸ்காரர்கள் பொறுமையிழப்பார்கள். ஸ்காட்லாந்து யார்டில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற சர் ஹென்றி க்ளிதரிங் மட்டும் பொறுமையிழக்கமாட்டார், அவருக்குத் தெரியும். செயின்ட் மேரி மீட் என்ற சின்ன ஊரில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து மனிதர்களைப் பார்த்த ஒருத்திக்கு உலகத்தில் புதிய மனிதர் யாரும் இல்லை. முகம் மாறும், குணம் அவள் ஏற்கெனவே பார்த்ததாக இருக்கும்.

இந்தக் கிழவி கிறிஸ்டிக்கு எங்கிருந்து கிடைத்தாள் என்பதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. லண்டனுக்குப் பக்கத்தில் ஈலிங்கில் இருந்த பாட்டியின் வீட்டுக்குச் சிறுமி அகதா போவாள். அந்தப் பாட்டியும் அவர் வயதையொத்த தோழிகளும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பாட்டி கலகலப்பானவர், ஆனால் யாரிடமும் மோசமானதையே எதிர்பார்ப்பார், பெரும்பாலும் அது சரியாகவே போய்விடும். மிஸ் மார்ப்பிள் அந்தப் பாட்டியின் நகல் இல்லை என்றாலும் அந்தப் பார்வை அங்கிருந்து வந்தது என்று கிறிஸ்டியே எழுதியிருக்கிறார். 1926இல் வந்த ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலில் ஒரு டாக்டரின் அக்கா வருவாள். வீட்டை விட்டு நகராமலே ஊர்ச்செய்தி அத்தனையும் தெரிந்தவள். அவளை எழுதியதில் கிடைத்த ஆனந்தம் அடுத்த ஆண்டு, 1927 டிசம்பரில் ஒரு பத்திரிகைக் கதையில் மிஸ் மார்ப்பிளாக உருவெடுத்தது. 1930இல் முதல் நாவல், ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’. அந்தப் புத்தகத்தில் ஊரின் வரைபடம் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். பாதிரியார் வீடு, சந்து, அடுத்தடுத்த வீடுகள். யார் எந்தத் தோட்டத்தில் நின்றால் எந்தச் சந்தில் போகிறவரைப் பார்க்கலாம் என்பது அந்தப் படத்தில் இருக்கிறது. எங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு படம் போட்டு அத்தையிடம் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்து, “கிணத்தடியை விட்டுட்டியே. பாதி சமாசாரம் அங்கதானே தெரியும்” என்றாள்.

அத்தைக்குத் துப்பறியும் கதை புதிதில்லை. ‘ஆனந்த விகட’னில் தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’வை வாராவாரம் காத்திருந்து படித்த தலைமுறையின் பிள்ளை அவள், அவள் அம்மா வெட்டித் தைத்து வைத்த வால்யூம் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. வங்கி குமாஸ்தாவாக இருந்து வேலை போனவர் சாம்பு. அசடு என்று ஊர் முடிவு கட்டிய மனிதர். தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதைமை என்று கொண்டாடுவார். மனைவி வேம்பு. தேவன் 1913இல் திருவிடைமருதூரில் பிறந்தவர், எங்கள் ஊரிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம். 1957இல், நாற்பத்து மூன்று வயதிலேயே போய்விட்டார். சாம்பு விகடனில் வந்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று 1942 ஏப்ரலில் சென்னை பாதி காலியாயிற்று. சட்டி பானையோடு ரயிலேறித் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தவர்கள் எத்தனையோ பேர். அத்தகைய நாட்களில் அந்த வழுக்கைத் தலை அசடு எத்தனை வீடுகளில் சிரிப்பை வைத்திருந்தார் என்பதை நான் பெரியவர்கள் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறேன்.

லண்டனிலும் அதே கதைதான். 1940 செப்டம்பரிலிருந்து அந்த நகரத்தின்மீது இரவுக்கிரவு குண்டு விழுந்தது. கிறிஸ்டி அப்போது ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தார். முதல் உலகப் போரில் டார்கீ ஊரில் மருந்து கலக்கக் கற்றுக்கொண்டவர் அவர், அவருடைய கதைகளின் விஷங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. இரண்டாம் போரின் நடுவில் அவர் எழுதிய ‘தி பாடி இன் தி லைப்ரரி’யில் காலை டீ கொண்டுவர வேண்டிய வேலைக்காரப் பெண் படபடப்போடு ஓடிவந்து, நூலக அறையில் ஒரு பிணம் கிடக்கிறது என்கிறாள். வெளியே பிணங்களுக்குக் கணக்கில்லாத நேரம். ஒரு சாவு, ஒரே ஒரு சாவு நடந்ததற்காக ஓர் ஊர் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு ஏன், யார், எப்படி என்று கேட்கிற கதையை அந்த நேரத்தில் மக்கள் தேடிப் படித்தார்கள். அதில் நான் எந்தத் தப்பித்தலையும் பார்க்கவில்லை. ஓர் உயிர் போனால் கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத்தான் அவர்கள் அந்தப் பக்கங்களில் பத்திரப்படுத்தி வைத்தார்கள்.

அந்த வயதில் எனக்குப் புரியாமல் போன ஒன்று, கிறிஸ்டியும் ஏங்கிக்கொண்டேதான் எழுதியிருக்கிறார் என்பது. செயின்ட் மேரி மீட் என்றென்றைக்கும் அப்படியே இருக்கும் ஊர் என்று நினைத்தேன். புத்தகங்களை வந்த வரிசையில் படித்தால் அந்த ஊர் கண்ணெதிரே கரைவது தெரியும். 1950 நாவலிலேயே மிஸ் மார்ப்பிள் அதைச் சொல்கிறார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஊரில் இருக்கிற எல்லாரும் யார் என்று எல்லாருக்கும் தெரியும்; புதிதாக ஒருவர் வந்தால் அவரைத் தெரிந்த யாராவது கடிதம் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இப்போது இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. விசாரிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் அதே யோசனை. ஆளுக்கொரு ரேஷன் புத்தகம், ஆளுக்கொரு அடையாள அட்டை, அதில் எண் இருக்கிறது, படமும் இல்லை, கைரேகையும் இல்லை. சாம்ராஜ்யம் கலைந்து அதன் உத்தியோகஸ்தர்கள் வீடு திரும்பிய காலம் அந்தக் கிராமத்துத் தெருவில் நிற்கிறது. நம் சுதந்திரத்தின் மறுபக்கம் ஒரு துப்பறியும் நாவலில், கர்னல் ஒருவரின் வரவேற்பறையில் இருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

1962இல் வந்த ‘தி மிரர் க்ராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்’ இன்னும் வெளிப்படையானது. மிஸ் மார்ப்பிளுக்குக் கண் மங்கிவிட்டது. பின்னலில் இழை தவறுகிறது. தோட்ட வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடை விற்ற கடை இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு சூப்பர் மார்க்கெட். ஊருக்கு வெளியே வயலாக இருந்த நிலத்தில் டெவலப்மென்ட் என்று வரிசை வரிசையாகப் புது வீடுகள். ஒரு நாள், பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் பெண்மணியை ஏதோ சாமான் வாங்க அனுப்பிவிட்டு, கிழவி தனியாக அந்தப் புதுக் குடியிருப்புக்குள் நடந்து போகிறார். கொலம்பஸ் மாதிரி போகிறார் என்றே நான் அத்தையிடம் சொன்னேன். அங்கே பார்க்கிற பெண்களும் பையன்களும் அவருக்குத் தெரிந்தவர்கள். பெயர் தெரியாது, ஆனால் இந்தப் பெண் அந்தப் பழைய பெண்ணைப் போல, இந்த இளைஞன் ஊரில் முன்பு இருந்த ஒருவனைப் போல. வீடு மாறியிருக்கிறது, உடை மாறியிருக்கிறது, ஆட்கள் அதே ஆட்கள் என்று அவருக்குத் தெம்பு வந்துவிடுகிறது. தடுமாறி விழுந்தவரைக் கைகொடுத்துத் தூக்கி, வீட்டுக்குள் அழைத்துப் போய் டீ கொடுப்பதும் அந்தப் புது வீடுகளில் ஒன்றில் இருப்பவள்தான்.

அதே காலத்தில் கிறிஸ்டியின் சொந்த வாழ்க்கையில் நடந்ததைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் பிறந்து வளர்ந்த வீடு டார்கீயில் இருந்த ஆஷ்ஃபீல்ட். சுற்றிலும் ஊர் நெருக்கிவிட்டது என்று 1938இல் அதை விற்றுவிட்டு, ஆற்றோரத்தில் க்ரீன்வே என்ற பெரிய வீட்டை வாங்கினார். 1960களின் தொடக்கத்தில் ஆஷ்ஃபீல்டை இடித்தார்கள். சேதி கிடைத்தும் போய்ப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. வெகுநாள் கழித்துப் போனபோது அந்த இடத்தில் சிறு சிறு வீடுகள். பழைய தோட்டத்து மரம் ஒன்றின் மிச்சம் மட்டும் அடையாளம் தெரிந்தது. சுயசரிதையில் இதை அவர் சில வரிகளில் முடித்துவிடுகிறார். டெவலப்மென்ட்டைத் திட்டியே ஒரு புத்தகம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தன் கிழவியை அதற்குள் நடக்கவிட்டு, அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எழுதினார். அந்தப் பெருந்தன்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

‘தி மிரர் க்ராக்ட்’ வந்து மூன்று வருஷம் கழித்து ‘அட் பெர்ட்ராம்ஸ் ஹோட்டல்’. லண்டன் நடுவில் ஒரு ஹோட்டல், எட்வர்ட் மன்னர் காலத்திலிருந்து நாற்காலி கூட நகராதது போல நிற்கிறது. கணப்பில் நிலக்கரி எரிகிறது. குளிரைப் போக்குவது மறைவாக ஓடும் சென்ட்ரல் ஹீட்டிங். டீக்கு உண்மையான மஃபின், உண்மையான சீட் கேக். பதினான்கு வயதில் தங்கிய அந்த இடத்தில் மறுபடி தங்க வேண்டும் என்பது மிஸ் மார்ப்பிளின் ஆசை, மருமகன் செலவு செய்கிறான். முதலில் பூரித்துப் போகிறவருக்குச் சில நாட்களில் உறுத்துகிறது. எல்லாம் அளவுக்கு மீறி அப்படியே இருக்கிறது. பழையது பழையதாகவே இருப்பதற்கு யாரோ எங்கோ விலை கொடுத்தாக வேண்டும். கதையின் முடிச்சு அங்கேதான், அதற்கு மேல் போகமாட்டேன். பழமையை நேசித்த ஓர் எழுத்தாளர் எழுபத்தைந்து வயதில் பழமையையே சந்தேகத்துக்கு உரிய ஆளாக நிறுத்தியது எவ்வளவு பெரிய காரியம்! ஏங்கலாம், ஆனால் ஏக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்பதை அந்தப் புத்தகத்திடம் கற்றுக்கொண்டேன்.

ஆகவே மாயவரத்துத் தெருவைப் பற்றியும் முழுதாகச் சொல்ல வேண்டும். எல்லாரையும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த தெரு அது. அந்தப் பார்வை அத்தையின் மீதும் இருந்தது. எந்த நிறத்தில் புடவை கட்டலாம், எந்தக் கல்யாணத்தில் எவ்வளவு முன்னால் நிற்கலாம், பூக்காரியிடம் நின்று பேசலாமா என்று அவளுக்காகத் தெருவே முடிவெடுத்திருந்தது. ஒரு பெண் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்பது அவள் வீடு வந்து சேர்வதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும். கிறிஸ்டியின் கிராமங்களிலும் இது உண்டு. ‘தி மூவிங் ஃபிங்கர்’ முழுக்க முழுக்க மொட்டைக் கடுதாசிகளின் கதை, ஓர் ஊரின் நாக்கு எப்படிக் கொல்லும் என்பதன் கதை. எனக்கு அந்தத் தெரு அப்படியே திரும்ப வேண்டாம். அந்தக் கண்ணின் இன்னொரு வேலை உண்டல்லவா, அது தொலைந்துபோனதுதான் என் ஏக்கம்.

அது என்ன வேலை என்பதை ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ போல வேறெந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. 1953இல் வந்தது. பெரிய பணக்காரர் ஒருவர் விஷத்தால் இறக்கிறார். சொத்து, பிள்ளைகள், இளம் மனைவி என்று போலீஸ் விசாரணை நடக்கிறது. அந்த வீட்டில் வேலை செய்த க்ளாடிஸ் என்ற பெண்ணும் சாகிறாள். துணி காயப்போடும் கொடியருகே கிடக்கிறாள், மூக்கில் துணி க்ளிப் மாட்டியிருக்கிறது. கெட்டிக்காரி இல்லை, அழகி இல்லை, அனாதை. யார் எது சொன்னாலும் நம்புகிறவள். பணக்காரர் சாவின் பரபரப்பில் அவளைப் பற்றிப் பேச ஆளில்லை. அப்போது வாசலில் டாக்ஸியில் ஒரு கிழவி வந்து இறங்குகிறாள். அனாதை விடுதியிலிருந்து வந்த க்ளாடிஸுக்கு வீட்டு வேலை சொல்லிக்கொடுத்தது மிஸ் மார்ப்பிள்தான். பேப்பரில் படித்துவிட்டுக் கிளம்பி வந்திருக்கிறார். க்ளாடிஸைக் கொன்றதைக் காட்டிலும் அந்த க்ளிப்பை மாட்டியது அவரைக் கொதிக்க வைக்கிறது. செத்தவளைக் கேலி செய்திருக்கிறான் ஒருவன்.

இந்த இடம் வந்த அன்றைக்கு அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். நான் கதையைத் தொடரப் போனபோது நிறுத்தி, “இரு. அந்தக் கிழவி தன் கைக்காசு போட்டு வந்தாளா?” என்று கேட்டாள். ஆமாம் அத்தை என்றேன். “அதுக்காகவே அவளைக் கும்பிடலாம்” என்றாள். அந்த நாவலின் கடைசியில் ஒரு கடிதம் வரும். அதைப் படித்துக் காட்டியபோது இரண்டு பேருமே அழுதோம். மென்மையான கதை, ரத்தமில்லாத கதை, மனதுக்கு இதமான கதை என்றெல்லாம் இவற்றைச் சொல்கிறோம். அந்த இதத்தின் ஊற்று இங்கேதான் இருப்பதாக நினைக்கிறேன். யாருமில்லாத ஒரு பெண்ணுக்காக ரயிலேறி வர ஒருத்தி இருந்தாள்.

லெண்டிங் லைப்ரரி மூடி வெகுகாலம் ஆயிற்று. அது இருந்த இடத்தில் செல்போன் கடை. நான் சென்னைக்கு வந்தேன். அத்தை கடைசி வருஷங்களில் அவள் தங்கை வீட்டோடு ஓசூரில் இருந்தாள். தொலைபேசியில் மருந்து, மாத்திரை, சர்க்கரை அளவு, பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் பேசுவோம். கதை சொல்ல நேரம் வாய்க்கவில்லை. திண்ணையும் கை வேலையும் இல்லாமல் அந்த மாதிரிக் கதை நகராது என்பதும் உண்மை. அவள் போன பிறகு நான் நிறையத் துப்பறியும் தொடர்கள் பார்த்திருக்கிறேன். திறமையாக எடுக்கிறார்கள். மழை பெய்கிற நகரம், தூக்கமில்லாத அதிகாரி, சவக்கிடங்கின் வெளிச்சம். பிணத்தின் ஒவ்வொரு காயமும் தெரிகிறது. இறந்தவள் யாருக்கு வேண்டியவள், என்ன சாப்பிடுவாள், யாரிடம் கடன் வாங்கியிருந்தாள் என்று தெரிய அதிக நேரமாகிறது. நான் இப்போது இருக்கும் அடுக்ககத்தில் யார் வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று வாசல் கேமராவும் கைப்பேசிச் செயலியும் பதிவுசெய்து வைத்திருக்கின்றன. எதிர் ஃப்ளாட்டில் இருப்பவரின் தாயார் ஒரு வாரமாகக் கீழே நடக்க வரவில்லையே என்று கேட்க அவற்றுக்குத் தெரியாது.

அத்தைக்குச் சொல்ல முடியாமல் போன புத்தகங்கள் நிறைய. அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தின் மா ராமோட்ஸ்வேயை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கும். சுரங்கத்தில் உழைத்த அப்பா விட்டுப்போன மாடுகளை விற்று, போட்ஸ்வானாவின் தலைநகரில் பெண்கள் துப்பறியும் நிலையம் திறக்கிறவள். 1998இல் தொடங்கிய வரிசை இன்னும் நீள்கிறது. அதில் கொலை அபூர்வம். காணாமல்போன கணவன், ஏமாற்றுகிற வேலைக்காரன், பொய் சொல்லும் உறவினன் என்று தெருவில் நடப்பவைதான் வழக்குகள். சிவப்பு நிறச் செடித் தேநீர் ஒரு கோப்பை குடித்தபடி அவள் யோசிப்பாள். ஊரில் பெரியவர்களுக்கு முன்பிருந்த மரியாதையை நினைத்துப் பெருமூச்சு விடுவாள்.

ரிச்சர்ட் ஆஸ்மனின் ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’ 2020இல் வந்தது. அதைப் படித்தபோது ஒரு விஷயம் சட்டென்று பிடிபட்டது. செயின்ட் மேரி மீட் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அந்த நாவல் பதில் வைத்திருக்கிறது. கென்ட் மாவட்டத்தில், முன்பு கன்னியர் மடமாக இருந்த இடத்தில், கூப்பர்ஸ் சேஸ் என்று முதியோருக்கான வசதியான குடியிருப்பு. எழுபதைத் தாண்டிய நான்கு பேர் வியாழக்கிழமைதோறும் அங்குள்ள ஜிக்சா அறையில் கூடித் தீராத பழைய கொலை வழக்குகளைப் புரட்டுகிறார்கள். யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று அறையை ஜப்பானிய ஓபரா பற்றிய கலந்துரையாடல் என்ற பெயரில் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். வழக்குக் கோப்புகளைக் கொண்டுவந்தவள் அவர்களில் ஒருத்தியாக இருந்த முன்னாள் போலீஸ் அதிகாரி. இப்போது நினைவின்றி மருத்துவப் பகுதியில் படுத்திருக்கிறாள். தோழி எலிசபெத் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, காதில் விழுகிறதா என்று தெரியாமலே வழக்கு எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்மனின் அம்மா அப்படியொரு குடியிருப்பில் இருக்கிறார். அங்கே போய்வந்தபோதுதான் கதை தோன்றியதாம். எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த, ஒருவர் காலை உணவுக்கு வராவிட்டால் இன்னொருவர் கதவைத் தட்டுகிற கிராமம் இங்கிலாந்தில் இப்போது முதியோர் குடியிருப்பில் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் வரிசையாக வந்திருக்கும் ஓய்வுக்கால வில்லாக்களில் இருக்கும் நண்பர்களின் பெற்றோர் பேசுவதைக் கேட்டால் இங்கேயும் திண்ணை அங்கேதான் குடிபோயிருக்கிறது என்று தோன்றுகிறது.

அந்தப் புத்தகத்தைப் படித்த நாட்களில் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் நிறுத்தி, இதை அத்தைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஜிக்சா என்பதை எப்படி விளக்குவது, மடத்தை எப்படிச் சொல்வது என்று தமிழில் கோத்துக்கொண்டே போனேன். எலிசபெத் கட்டிலருகே உட்காரும் இடத்தை எப்படிச் சொன்னாலும் அத்தைக்குப் புரிந்திருக்கும். கொலையாளி யார் என்பதற்கு அவள் அவசரப்பட்டிருக்கமாட்டாள். கேள்விகள் வேறு மாதிரி வந்திருக்கும். அந்த வீட்டுக்கு முன்பணம் எவ்வளவு கட்டணும், பிள்ளைகள் கட்டினாங்களா இல்லே அவங்களே வித்துக் கட்டினாங்களா, தனியாப் படுத்திருக்கறவளை யாரு குளிப்பாட்டறா, ராத்திரிக்கு டிபனா சாதமா, அந்த நாலு பேர்ல ஒருத்தருக்கு உடம்பு முடியலேன்னா மத்த மூணு பேரும் வியாழக்கிழமை கூடுவாங்களா மாட்டாங்களா?